புலி கயிறு சுருட்டுமா?

“உத்தரவு நாளைக்குக் காலையில கைக்கு வந்துரும். வந்ததும் சுட்டுருவோம்!”

ரேஞ்சர் சொல்லி முடிக்கவில்லை. வனத்துறைச் சோதனைச் சாவடி முன்னால் கூடியிருந்த கரளிமேட்டுச் சனம் மொத்தமும் கைதட்டியது. தட்டாமல் என்ன செய்வார்கள்? ஒரு மாதமாக அந்த மலைக்கிராமத்துக்குப் புலி பயம். சாயங்காலம் பால் வண்டி வரும் நேரம் பார்த்துச் சாலை ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பால் ஊற்ற வந்த பெண்கள் கேனைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். இப்போது ஆளையே அடித்துவிட்டதாம்!

மாட்டுத் தரகர் சென்னியப்பன் ஒரு ஜோடி பர்கூர்க் காளைகளை ஓட்டிக்கொண்டு காட்டு வழியாகச் சந்தைக்குப் போனவர். முந்தாநாள் போனார், சந்தைக்கும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. நேற்று நரிப்பள்ளத்தில் ஆடு மேய்த்தவர்கள் அவருடைய துண்டைக் கண்டெடுத்தார்கள். துண்டு பூராவும் ரத்தம். அந்தத் துண்டுதான் இப்போது ரேஞ்சரின் மேஜை மேல் கிடந்தது.

மேஜைக்கு எதிரே நின்றாள் சென்னியப்பனின் மகள் தெய்வானை. அப்பனோடு சந்தை சந்தையாகச் சுற்றி வளர்ந்தவள். அவளிடம் மாடு வாங்கியவர்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் தாங்கள் ஏமாந்துவிட்டோமோ என்று யோசிப்பார்கள். எவ்வளவு யோசித்தாலும் எந்த இடத்தில் என்று பிடிபடாது. அப்படிப்பட்டவள் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஒப்பாரிக்கு வந்த சொந்தக்காரர்களுக்கு அதுவே சந்தேகம்.

அவள் துண்டைத் தூக்கினாள். அடியில் ஒரு மாட்டுக் கயிறு. அழகாகச் சுருட்டி, நுனியை உள்ளே சொருகி வைத்திருந்தது.

“இதை ஆரு சுருட்டுனது?”

“அப்படியேதானுங்க துண்டுக்குள்ள கெடந்துது,” என்றான் ஆட்டுக்காரன்.

“அப்ப புலி கயிறு சுருட்டுமா?”

கூட்டம் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தது. தெய்வானை கயிற்றைத் தூக்கிக் காட்டினாள்.

“மாட்டை வித்தா நாம கயித்தைக் குடுப்பமா? அவுத்துச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டாந்துருவோம். வாங்கறவன்தான் புதுக்கயிறு போட்டு ஓட்டீட்டுப் போகோணும். இதைச் சுருட்டுனது எங்கப்பன் கை. அப்படின்னா மாட்டை வித்திருக்கறாரு. நடுக்காட்டுல! ஆருகிட்ட?”

அந்தப் பக்கத்து வழக்கம் அது. பழைய கயிறு மாட்டோடு போனால் தொழுவத்து ராசியும் கூடப் போய்விடும் என்பார்கள். ஊரில் இருந்த ஒருவருக்கும் இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் பயம் வந்துவிட்டால் தெரிந்ததும் மறந்துவிடுகிறதே!

“மாடு ஜோடி. கயிறு ஒத்தை. ரெண்டாவது கயிறு கைக்கு வாராம எங்கப்பன் ஊர் திரும்பமாட்டாரு. அதைக் கேட்டுத்தான் பின்னாலயே போயிருப்பாரு. உசுரோட இருக்கறாருங்க!”

ரேஞ்சர் நல்ல மனிதர்தான். நெற்றியைத் தடவிக்கொண்டார். “அம்மிணி, நாளைக்கு உத்தரவு வந்ததும் காட்டை அடைச்சிருவோம். துப்பாக்கி நிக்கிற எடத்துல ஆரையும் தேட விடமுடியாது. இன்னைக்குப் பொழுது சாயற வரைக்கும் வேணும்னா...”

“அது போதுமுங்க!”

ரேஞ்சர் துணைக்கு ஒருவனை அனுப்பினார். சடையன், சோளகர் பழங்குடி இளைஞன், வேட்டைத் தடுப்புக் காவலன். பல்லில் எப்போதும் ஒரு புல்லைக் கடித்துக்கொண்டிருப்பான். தோள் பையில் யானை விரட்டும் பட்டாசு.

“நானும் வாரேன்,” என்று ஒரு குரல்.

வேட்டியை மடித்துக் கட்டிய ஒல்லியான பெரியவர். பக்கத்தில் நீளமான தோல் பெட்டி. காசிம் ராவுத்தர், புலியைச் சுடுவதற்கென்றே கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த ஆள். நாளைக்கு வர வேண்டியவர். இன்றைக்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்! சந்தை கூடுவதற்கு முந்தின நாளே வந்து நிற்கும் ஆளைத் தெய்வானை ஒருநாளும் நம்பியதில்லை. ஆனால் துப்பாக்கியை வேண்டாம் என்று சொல்லும் நிலைமையிலும் அவள் இல்லை.

“என் ஜீப்பை எடுத்துக்குங்கம்மா! நானே கொண்டு போய் விடறேன்!” என்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார் சம்பத்குமார்.

‘புலிக்குடில்’ என்ற தங்கும் விடுதியின் முதலாளி. சட்டையில் புலி, தொப்பியில் புலி, சாவிக்கொத்தில் புலி. கூட்டத்தில் கைதட்டாத ஒரே ஆள். ‘புலியைச் சுடாதீங்க, அது நம்ம தெய்வம்’ என்று காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தவர். அவர் கண்ணீர் நிஜக் கண்ணீர்தான். தெய்வானை உற்றுப் பார்த்தாள். சுத்தமான கண்ணீர்; கலப்படம் இல்லை. ஆனாலும் எதற்காக இவ்வளவு?

ஜீப் புறப்பட்டது!

மேலே தார்ப்பாய் போட்ட, பக்கமெல்லாம் திறந்த வண்டி. வளைந்து வளைந்து ஏறும் சாலை. வழியெல்லாம் சம்பத்குமார் பேசிக்கொண்டே வந்தார். “நரிப்பள்ளத்துலயே நல்லாத் தேடுங்க. அங்கதான் ஏதாவது கெடைக்கும். வேற பக்கம் அலைஞ்சு நேரத்தை வீணாக்காதீங்க. நான் இந்தப் பக்கம் வந்ததே இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது. இருந்தாலும் சொல்றேன்.”

ராவுத்தர் தோல் பெட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சடையன் புல்லைக் கடித்தான். தெய்வானை மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒரு திருப்பத்தில் ஜீப் நின்றது. “இறங்குங்க. பொழுது சாயறப்ப வந்து கூட்டீட்டுப் போறேன்.”

மூவரும் சரிவில் இறங்கினார்கள். முள், சறுக்கும் கல், இடுப்பளவு புல். அடியில் வறண்ட ஓடை. துண்டு கிடந்த இடத்தில் ஆட்டுக்காரர்கள் ஒரு குச்சியை நட்டு வைத்திருந்தார்கள்.

சடையன் குனிந்து ஒரு சுற்று சுற்றினான். இன்னொரு சுற்று. புல்லைத் துப்பினான்.

“அக்கா, இங்க ஒண்ணுமே நடக்கல.”

“என்னடா சொல்றே?”

“புலி ஆளை அடிச்சா இழுத்த தடம் இருக்கோணும். புல்லு படுத்திருக்கோணும். ஈ மொய்க்கோணும். இந்தத் துண்டு மட்டும் வானத்துல இருந்து வந்த மாதிரி கெடக்குது.”

அப்போதுதான் தெய்வானை கவனித்தாள். ராவுத்தர் ஒரு புதர் அருகே குனிந்தார், எதையோ எடுத்தார், சட்டென்று மடியில் சொருகிக்கொண்டார்!

“என்னங்க அது?”

“சுருட்டு விழுந்துருச்சு.”

“சுருட்டுக் குடிக்கற ஒதடா இது? எடுங்க வெளிய.”

“அப்புறம் காட்டறேன் அம்மிணி.”

தெய்வானை அவருடைய தோல் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “சரக்கைக் காட்டாத ஆளுகூட நான் ஒரு அடி நடக்கமாட்டேன். பெட்டி வேணும்னா அதை எடுங்க!”

ராவுத்தர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முதன்முறையாகச் சிரித்தார். மடியிலிருந்து எடுத்து நீட்டினார். உள்ளங்கை அளவு கறுப்பு மூடி. கேமரா லென்ஸை மூடுவது.

“இதை எதுக்கு ஒளிச்சீங்க?”

“இந்தப் பையன் முன்னால காட்ட வேண்டாம்னு நெனச்சேன்,” என்று சடையனைக் கண்ணால் காட்டினார். “பள்ளத்துல எறங்கறப்ப ஒரு எடத்துலகூட தடுமாறல. எல்லாத்தையும் முன்னாடியே பாத்து வெச்ச மாதிரி நடக்கறான்.”

சடையனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நல்ல கதைங்க! காட்டுல பொறந்தவன் வழி தெரியாம நிக்கோணுமா? உங்க வீட்டுச் சமையக்கட்டுக்கு நீங்க கேட்டுக் கேட்டா போவீங்க? அதுசரி, நாளைக்கு வர்ற துப்பாக்கி இன்னைக்கே ஏன் வந்துதுன்னு நீங்க மொதல்ல சொல்லுங்க!”

“சொல்றேன். இந்தப் புலி ஒரு மாசமா ஒரே நேரத்துக்கு, ஒரே எடத்துக்கு வருது. புலி கையில கடிகாரம் கட்டிக்கிட்டுத் திரியறதில்ல. ஆரோ வரச்சொல்றாங்க, அது வருது. சுடறதுக்கு முன்னால எதைச் சுடறோம்னு எனக்குத் தெரியோணும். அதனாலதான் ஒரு நாள் முந்தி வந்தேன். உம்மேல சந்தேகப்பட்டது தப்புன்னா மாப்பு கேட்டுக்கறேன். தப்புதானா?”

“தப்புதான்!”

“அப்பச் சரி.”

தெய்வானை இருவரையும் கவனிக்கவில்லை. மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள் மேலே சாலையைப் பார்த்தாள். துண்டு கிடந்த இடத்துக்கு நேர் மேலே அந்தத் திருப்பம். அங்கிருந்து ஒருவன் ஜீப்பை நிறுத்தித் துண்டைத் தூக்கி வீசினால் சரியாக இங்கேதான் வந்து விழும். வீசும்போது வண்டியில் கிடந்த மூடியும் கூடவே விழுந்திருக்கிறது!

“சடையா, ஆட்டுக்காரங்க நம்மகூட வந்தாங்களா?”

“இல்லக்கா.”

“நீ வழி சொன்னியா?”

“நான் வாயே தொறக்கலயே.”

“ராவுத்தரய்யா சொன்னாரா? நான் சொன்னனா? அப்புறம் இந்தப் பக்கமே வந்ததில்லைங்கற மனுசன் எப்படி ரோட்டுல இதே எடத்துல வண்டிய நிறுத்துனாரு?”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலே ஜீப்பின் உறுமல் கேட்டது. அது ஊர்ப் பக்கம் இறங்கவில்லை. காட்டுக்குள்ளே ஏறிக்கொண்டிருந்தது!

“அங்க என்னடா இருக்குது?”

“கரடிப்பாறை. அவுங்க விடுதிக்குப் பின்னாடி. ரோடு சுத்திக்கிட்டுப் போகும். நாம இந்த மேட்டை ஏறிக் குதிச்சா அந்தாளுக்கு முன்னாடி போயிரலாம். ஏற முடியுமா ராவுத்தரே?”

“நீ நட. நான் முடியாம விழுந்தா பெட்டிய மட்டும் எடுத்துக்கிட்டுப் போ!”

ஏறினார்கள்! மூங்கில் புதர்களுக்குள் வளைந்து, பாறைகளைப் பற்றி, மூச்சிரைக்க ஏறினார்கள். பாதி மேட்டில் சடையன் கையை நீட்டித் தடுத்தான். முன்னால் மூங்கில் முறியும் சத்தம். சாம்பல் நிறச் சுவர் ஒன்று மெல்ல அசைந்தது. ஒற்றை யானை! மூவரும் சிலையானார்கள். தெய்வானையின் நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து தொங்கியது, துடைக்கவில்லை. யானை காதை விசிறியது, ஒரு குருத்தை ஒடித்து வாயில் போட்டது, இவர்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் இறங்கிப் போனது.

“பட்டாசு வெச்சிருக்கறியே, போட வேண்டியதுதானே?” என்றார் ராவுத்தர் கிசுகிசுப்பாக.

“போட்டா நம்ம மேலதான் வரும். சும்மா போற ஆளை எதுக்குங்க கூப்பிடோணும்?”

உச்சியை அடைந்து பாறை விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார்கள்.

கீழே ஒரு திறந்த வெளி. ஒரு பக்கம் உயரமான பரண். அதில் மெத்தை போட்ட நாற்காலிகள், வெயிலுக்குக் குடை! பரணுக்கு முன்னால் தண்ணீர் நிரப்பிய குட்டை. குட்டைக்கு அக்கரையில் தரையில் அடித்த முளைக்குச்சிகள். சுற்றிலும் எலும்புகள். இவர்கள் படுத்திருந்த பாறையின் அடிவாரத்தில், செம்மேனியில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட ஒரு பர்கூர்க் காளை பாதி தின்ற நிலையில் கிடந்தது. அதற்குப் பக்கத்து நிழலில், காவல்காரன் போல முன்னங்காலை நீட்டிப் படுத்திருந்தது புலி.

தெய்வானை உதட்டைக் கடித்தாள். “எங்க மாடு.”

“விருந்தாளிகளுக்குப் புலி காட்டற கடை இது,” என்று ராவுத்தர் பல்லைக் கடித்தார். “மாட்டைக் கட்டிப்போட்டு, மேல உக்காந்து படம் புடிக்க விடறான். அடப்பாவி! காட்டுப் புலியைக் கொட்டாய்ப் புலி ஆக்கி வெச்சிருக்கறான்.”

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. சம்பத்குமார் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார். நாளைக்குத் துப்பாக்கிக்காரர்கள் காட்டைச் சலிப்பதற்குள் பரணைப் பிரித்து அள்ளிக்கொண்டு போய்விட வேண்டும். ஆனால் புலி நகர்ந்தால்தானே இறங்க முடியும்? நகர்த்த அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். குட்டைக்கு அப்பால், வெளியின் கடைக்கோடியில் வண்டியை நிறுத்தி ஹாரனை அமுக்கினார்.

பீப்... பீப்!

புலி எழுந்தது. சோம்பல் முறித்தது. மாடு கறக்கும் பாத்திரச் சத்தம் கேட்ட கன்றுக்குட்டி மாதிரி நேராக ஜீப்பை நோக்கி நடந்தது!

“பால் வண்டி!” தெய்வானை தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். “பால்காரரும் வந்ததும் இப்படித்தானுங்க ரெண்டு ஹாரன் அடிப்பாரு! அது ஆளைப் புடிக்க வரல. தீனி வந்துருச்சுன்னு வருது!”

ஒரு மாத மர்மம் இரண்டு ஹாரனில் அவிழ்ந்துவிட்டது! ஆனால் அதைக் கொண்டாட நேரம் இல்லை. புலி நகர்ந்த அந்த அமைதியில், பாறைக்கு அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. கம்மிய குரல். ஆனால் நிறுத்தாத குரல்.

“...இப்பவும் கெட்டுப்போகல. நீ பாட்டுக்கு மாட்டைத் தின்னு, நான் பாட்டுக்கு வெளிய போறேன். ரெண்டு பேருக்கும் நட்டமில்லாம முடிச்சுக்கலாம். எங்க எந்திரிச்சுப் போறே? பேசிக்கிட்டு இருக்கறப்ப எந்திரிச்சுப் போனா என்ன அர்த்தம்?”

“அப்பா!”

தெய்வானை பாறையிலிருந்து சறுக்கி இறங்கினாள். சடையன் பின்னாலேயே குதித்தான். ராவுத்தர் பெட்டியைத் திறந்து துப்பாக்கியைப் பொருத்தி மேலேயே மண்டியிட்டார்.

பாறையின் அடியில் ஒரு இடுக்கு. ஆள் ஊர்ந்து நுழையலாம். புலியின் தோள் நுழையாது. உள்ளே தாடியும் புழுதியுமாகச் சென்னியப்பன்! பாறைக் கசிவை நக்கி உயிரைப் பிடித்து வைத்திருந்தார். வலது கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. கையில் இறுக்கிப் பிடித்தபடி ஒரு கயிறு.

“அம்மிணி! நீ எதுக்கு வந்தே? அது இங்கதான் இருக்குது!”

“தெரியுமுங்கப்பா. பேசாதீங்க. கையக் குடுங்க!”

“மாட்டை வாங்குன விடுதி ஆளுக ஒரு மாட்டுக் கயித்தைக் குடுத்துட்டானுக. இன்னொன்னை மாட்டோடயே ஓட்டீட்டுப் போயிட்டானுக. வந்து பாத்தா முளைக்குச்சியில கட்டிப்போட்டிருக்குது. நான் அவுத்துக்கிட்டு இருக்கறேன், செத்த மாட்டு மேல இருந்து இது திரும்பிப் பாக்குது! அவுத்த மாடு ஓடிப்போச்சு. துண்டையும் போட்டுட்டு நானும் ஓடி இதுக்குள்ள...”

“அப்பா, அப்புறம்!”

அந்த நேரம் பார்த்து ஹாரன் நின்றது.

இவர்களைப் பார்த்துவிட்ட சம்பத்குமார் வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பினார். தப்பி ஓடத்தான்! பின்சக்கரம் குட்டைச் சேற்றில் இறங்கியது. படம் அழகாக வரவேண்டும் என்று அவரே வெட்டிய குட்டை! எஞ்சின் அலறியது, சேறு பறந்தது, சக்கரம் இன்னும் ஆழமாகப் போனது. தீனியைக் காணாத புலி ஜீப்பை ஒரு சுற்று சுற்றியது. பிறகு, பாறைப் பக்கம் தலையைத் திருப்பியது.

அப்பனைப் பாதி இழுத்த நிலையில் தெய்வானை உறைந்துபோனாள். அந்த மஞ்சள் கண்கள் நேராக அவளையே பார்த்தன. புலி ஒரு காலை எடுத்து இந்தப் பக்கம் வைத்தது.

“சம்பத்தண்ணா!” என்று வெளி அதிரக் கத்தினாள். “ஹாரன் அடிங்க! நிறுத்தாம அடிங்க!”

“என்கிட்ட வந்துருமே!”

“உங்ககிட்ட வந்தா மேல துப்பாக்கி இருக்குது. எங்ககிட்ட வந்து நாங்க செத்துட்டா, அப்புறம் உங்களக் காப்பாத்த அந்தாளுக்கு என்னங்க அவசியம்? யோசிச்சுக்கங்க!”

சம்பத்குமார் யோசித்தார். அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

பீப்... பீப்... பீப்... பீப்!

புலி திரும்பியது. இந்தத் தடவை பொறுமை இல்லை. முன்னங்கால் இரண்டையும் பானெட் மேல் வைத்தது. ஒரு அறை! தார்ப்பாய் கிழிந்து தொங்கியது. உள்ளே இருந்த புலிபக்தர் இருக்கைக்கு அடியில் சுருண்டுகொண்டு, ஒரு கையை மட்டும் நீட்டி ஹாரனை அமுக்கியபடியே அலறினார்.

“சுடுங்க! ராவுத்தரே, சுட்டுத் தள்ளுங்க! கொன்னுருங்க அதை!”

“உத்தரவு நாளைக்குத்தான் சார் வருது!” என்றார் ராவுத்தர் மேலிருந்து, கண்ணைக் குறியிலிருந்து எடுக்காமல். “தெய்வம்னு வேற காலையில சொன்னீங்க! ஹாரனை விட்டுறாதீங்க!”

சடையன் சென்னியப்பனை முதுகில் ஏற்றிக்கொண்டான். தெய்வானை பின்னாலிருந்து தாங்கினாள். கல் உருண்டது, கால் வழுக்கியது, முழங்கை சிராய்த்தது. ஏறு! இன்னும் ஏறு! பாதியில் சென்னியப்பன் முனகினார். “கயிறு எங்க?”

“உங்க கையிலதானப்பா இருக்குது!”

“அது இருக்குது. இன்னொன்னு?”

“ரேஞ்சர் மேஜையில! வாய மூடீட்டு வாங்கப்பா!”

அவர்கள் உச்சிக்கு வந்து விழுந்ததும் சடையன் பையை உதறினான். பட்டாசுச் சரத்தைக் கொளுத்திக் குட்டைப் பக்கம் வீசினான். பட் பட் படார்! ராவுத்தரும் வானத்தை நோக்கி ஒரு குண்டு. புலி பானெட்டிலிருந்து துள்ளிக் குதித்தது, ஒரே பாய்ச்சலில் குட்டையைத் தாண்டியது, புதருக்குள் மறைந்தது. அதற்குப் பிறகும் வெகுநேரம் ஹாரன் சத்தம் நிற்கவில்லை. சடையன் இறங்கிப் போய் அந்தக் கையை ஹாரனிலிருந்து பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

“செத்துட்டாருன்னு நெனச்சேம்மா,” என்றார் சம்பத்குமார், முகமெல்லாம் சேறாக. “நேத்துக் காலையில இங்க வந்து பாத்தா ரத்தத்துல துண்டு கெடக்குது. ஆளுக தேடிக்கிட்டு இங்க வந்துட்டா என் பொழப்புப் போச்சு. அதனால எடுத்து அங்க வீசினேன். புலி மேல பழி விழும்னு நெனைக்கல. சத்தியமா நெனைக்கல.”

“இங்க ஒரு சத்தம் குடுத்துப் பாத்திருந்தீங்கன்னா எங்கப்பன் பதில் சொல்லியிருப்பாரே. ஹாரன் மட்டும் அடிக்கத் தெரியுதுங்களா?” என்றாள் தெய்வானை.

பொழுது சாய்வதற்குள் கரளிமேட்டுக்குள் ஒரு கட்டில் ஊர்வலமாக வந்தது. ஒப்பாரிக்கு வந்திருந்த சனம் எழுந்து நின்றது. கட்டிலில் இருந்த பிணம் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, “ஏனுங், கருமாதிக்கு என்ன சமைச்சீங்க? சோறு இருந்தா போடுங்க!” என்று கேட்டது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சிலர் இரண்டையும் சேர்த்தே செய்தார்கள். முந்தின நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையைத் தெய்வானை அப்போதுதான் அவிழ்த்துவிட்டாள். சொந்தக்காரர்களின் சந்தேகம் தீர்ந்தது.

சம்பத்குமாரை ரேஞ்சர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். ஆளைக் கொல்லாத புலிக்குச் சுடும் உத்தரவு எதற்கு? அது நின்றுபோனது. ஆனால் ஊர் அவ்வளவு சீக்கிரம் அடங்குமா?

“புலி ரோட்டுக்கு வர்றது வர்றதுதானே? அதுக்கு என்ன வழி?” என்றார் ஒருவர்.

ராவுத்தர் எழுந்தார். “ஓசியில தீனி குடுத்துப் பழக்கினது மனுசன். குடுக்கறதை நிறுத்தினா அது தன் தொழிலுக்குத் திரும்பிரும். பால் வண்டி ஹாரன் அடிக்கக் கூடாது. மாட்டை ரோட்டோரம் மேய விடக் கூடாது. காவலுக்குச் சடையனும் ஆளுகளும் நிக்கட்டும். நானும் இருக்கறேன். அப்புறமும் வந்துச்சுன்னா கூண்டு வெச்சுப் புடிச்சு வேற காட்டுல விடுவோம்.”

“இந்த ஒப்பந்தத்துக்குப் புலி ஒத்துக்கிச்சுங்களா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கூட்டம் சிரித்தது. ரேஞ்சர் தலையைச் சொறிந்தார். தெய்வானை முன்னால் வந்தாள்.

“அது ஒத்துக்காதுங்க. அதுக்கு ஒப்பந்தம் தெரியாது. நாம நம்ம பக்கத்து வார்த்தையக் காப்பாத்துவோம். சுட்டுட்டா நாளைக்கு இன்னொரு சம்பத்து இன்னொரு புலியக் கூப்பிடுவான். கூப்பிடறவனைத்தான் மொதல்ல நிறுத்தோணும்.”

ஊர் முனகியது, முறைத்தது, பேரம் பேசியது. சாலை ஓரத்துக்கு விளக்கு வேண்டும் என்றது. மாட்டுத் தொழுவங்களுக்குக் கம்பி வேலி வேண்டும் என்றது. ரேஞ்சர் இரண்டுக்கும் தலையாட்டிய பிறகுதான் சரி என்றது.

மறுநாள் சாயங்காலம் பால் வண்டி சத்தமில்லாமல் வந்தது. சாவடிக்குள்ளிருந்து எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். புலி வந்தது! சாலை ஓரத்தில் உட்கார்ந்தது. வண்டியைப் பார்த்தது. யாரும் அசையவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்து போனது. அடுத்த நாளும் வந்தது, கொஞ்ச நேரம்தான். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள்.

ஒரு சாயங்காலம் பால்காரர் கேன்களை ஏற்றி முடித்து, புதரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் வரவில்லை.

“இன்னைக்கு என்னவாம்?” என்றார், கொஞ்சம் கோபித்துக்கொண்டவர் போல.

மலைச்சரிவுக்கு அப்பால், ஆள் நடமாட்டமே இல்லாத பக்கம், ஒரு கடமான் பயத்தில் கூவியது. மறுபடி கூவியது. பிறகு அந்தக் குரல் பட்டென்று அறுந்தது.

சடையன் பல்லிலிருந்த புல்லை எடுத்தான். தெய்வானை அவனைப் பார்த்தாள். ராவுத்தர் துப்பாக்கியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். கோயம்புத்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.